அந்த லாரி எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் முதல் நாவல் கடைசி அத்தியாயத்தில் நின்றுபோய் மூன்று மாதமாகிறது. சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று மதிப்பார்கள் என்கிறாள் தோழி. இவ்வளவு தூரம் படித்தவர்களை அழவைத்து அனுப்பாதே, சேர்த்துவைத்துவிடு என்கிறார் கணவர். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்ளட்டும்? கதைச்சுருக்கம் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி

பதில்: இரண்டையும் கிழித்துப் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஓர் அண்ணன், ஒரு தங்கை. அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறான். அதிலிருந்து 12 வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. முதல் முடிவில் அண்ணன் ஒருநாள் தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், இருவரும் அழுகிறார்கள், சுபம். இரண்டாவது முடிவில் அதே அண்ணன் அதே வாசலுக்குக் கிளம்புகிறான், வழியில் லாரி மோதிச் செத்துப்போகிறான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அண்ணன் இரண்டிலும் மனம் மாறிவிட்டான், இரண்டிலும் கிளம்பிவிட்டான். தங்கை இரண்டிலும் ஒன்றுமே செய்யவில்லை. அப்படியானால் வித்தியாசம் லாரி டிரைவர் பிரேக் பிடித்தாரா இல்லையா என்பது மட்டும்தான். முந்தைய பக்கங்களில் தலைகூடக் காட்டாத ஒரு மனிதர் கையில் நாவலைக் கொடுத்துவிட்டு, சோகமா சந்தோஷமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

பழைய கிரேக்க நாடகங்கள் சிலவற்றில் சிக்கல் முற்றிப்போனால் ஒரு தெய்வத்தைப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டு மேடையில் இறக்குவார்கள். தெய்வம் தீர்ப்புச் சொல்லும், கதை முடியும். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழவேண்டும், யந்திரத்திலிருந்து வரக்கூடாது என்று அரிஸ்டாட்டில் அப்போதே சொல்லிவிட்டார். இன்றைக்கு மேடையில் தெய்வம் இறங்கினால் நமக்குச் சிரிப்பு வரும். லாரி வந்தால் மட்டும் யதார்த்தம் என்கிறோம். எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் கடைசிப் பத்துப் பக்கத்தில் மட்டும் எத்தனை மாரடைப்பு, எத்தனை ரத்தப் புற்றுநோய்! அதுவரை தும்மல்கூடப் போடாத ஆட்கள்.

சிலப்பதிகாரத்தில் தற்செயல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சிலம்பு விற்கப்போன கோவலன், அவ்வளவு பெரிய நகரத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய் நிற்கிறான். ஆனால் அது நடுக்கதை. கோவலன் உயிர் போனது பாண்டியன் விசாரிக்காமல் விட்டதால். கண்ணகி 'தேரா மன்னா' என்று ஆரம்பிப்பதே அதைச் சொல்லித்தானே? அரசியலில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும் என்று பதிகத்தில் எழுதிவைத்த கணக்கு அந்த இடத்தில் நேராகிறது. அப்புறமும் கதை நிற்கவில்லை. மதுரை எரிந்த பிறகு வஞ்சிக் காண்டம் என்று முழுசாக ஒன்று இருக்கிறது. செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து அவளுக்குக் கோயில் எடுக்கிறான். இது சோக முடிவா, மங்கல முடிவா? பரீட்சையில் கேட்டால் நானே திணறுவேன்.

சரி, உங்கள் தோழிக்கு வருவோம். அழவைப்பது சுலபம். ஒரு குழந்தையைக் காய்ச்சலில் படுக்கவைத்தால் போதும், எவர் எழுதினாலும் கண்ணீர் வரும். அதற்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கணவர் சொல்வதை அப்படித் தள்ளமாட்டேன். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் கடைசி மகள் கார்டீலியா செத்துப்போவாள். நேயம் டேட் என்பவர் 1681-இல் அவளைப் பிழைக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்து நாடகத்தைத் திருத்தி எழுதினார். சுமார் 150 வருடம் ஆங்கில மேடையில் செல்வாக்காக இருந்தது அந்த வடிவம்தான். சாமுவேல் ஜான்சன் போன்ற பெரிய விமர்சகரே, பல வருடங்களுக்கு முன் அந்தச் சாவைப் படித்து அதிர்ந்துபோனதாகவும், பதிப்பிக்க உட்காரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் தைரியம் வந்ததா என்பதே சந்தேகம் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, வாசகர் நல்ல முடிவு கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் டேட் என்ன செய்தார் என்று பாருங்கள். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றி அவரால் தப்பிக்க முடியவில்லை. மூலத்தில் பேசிக்கொள்ளக்கூட இல்லாத எட்கர் என்ற இன்னொரு பாத்திரத்தையும் கார்டீலியாவையும் முதல் காட்சியிலேயே காதலர்கள் ஆக்கவேண்டி வந்தது, கோமாளியை அடியோடு நீக்கவேண்டி வந்தது. நாடகம் கெட்டதா இல்லையா என்பது வேறு சண்டை. முடிவை மாற்றப் போனவர் முதல் பக்கத்துக்குப் போகவேண்டியிருந்தது, அதுதான் நமக்கு வேண்டியது.

நம்மிடமே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏறுகிறாள், நேரக்கூடாதது நேர்ந்து வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். அப்புறம் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இந்த முடிவுக்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. பின்னால், அந்த அம்மா தண்ணீரைக் கொட்டாமல் ஊர் கேட்கக் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிடித்துக்கொண்டு அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் விஷயம் வெளியே தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை வேறு திசைக்குப் போய்விடுகிறது. 'இந்தத் தடவை சோகமாக முடிப்போம்' என்று ஜெயகாந்தன் கடைசிப் பக்கத்தில் கைவைத்த மாதிரியா தெரிகிறது? ஓர் அம்மா ஓர் இரவில் செய்ததை மாற்றினார். மிச்சமெல்லாம் தானாக மாறிக்கொண்டது.

உங்கள் நாவலிலும் அப்படி ஓர் இரவு இருக்கிறது. நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தின் சுருக்கத்தில் ஒரே ஒரு வரி: 'அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் தையல் மெஷின் டிராயருக்குள் போடுகிறாள்.' அதன்பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் அந்த மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவள் அவள். ஊசி எடுக்க, நூல்கண்டு எடுக்க அந்த டிராயரைத்தான் திறக்கவேண்டும். எத்தனை வருடம் திறந்திருப்பாள்? ஒவ்வொரு தடவையும் கடிதத்தை ஒதுக்கிவிட்டுத்தானே நூலை எடுத்திருப்பாள்? படிக்கிறவர் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருநூறு பக்கம் வருவார். நீங்கள் அவருக்கு லாரியைக் காட்டுகிறீர்கள்.

அவள் அதைப் பிரிக்கலாம். பிரித்தால், இத்தனை வருடக் கோபம் நியாயம்தானா என்று தெரிந்துபோகும், அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிக்காமலே அடுப்பில் போடலாம். அதே உறையை அப்படியே அண்ணன் முகவரிக்குத் திருப்பி அனுப்பலாம். இதில் எது என்று நான் சொல்லமாட்டேன், அவளை 12 வருடமாகத் தெரிந்தவர் நீங்கள். ஆனால் இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். கடிதத்தை அவள் தொட்டதும் முந்தைய மூன்று நான்கு அத்தியாயங்களையாவது திருத்தவேண்டி வரும். எதையும் திருத்தத் தேவைப்படவில்லை என்றால் மறுபடி எங்கோ ஒரு லாரி வருகிறது என்று அர்த்தம். இன்னொன்று, ஒருவேளை இருவரும் சேர்ந்துவிட்டால், வாசலில் கட்டிப்பிடித்து அழும் இடத்தில் திரை போடாதீர்கள். அழுது முடித்த அடுத்த நிமிடம் அவர்கள் என்ன பேசுவார்கள்? வீடு இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. 'உள்ளே வா' என்று அவள் சொல்வாளா, அவனாக வருவானா, எங்கே உட்காருவான்? அந்த நிமிடத்தை எழுத முடிந்தால் உங்கள் கணவர் கேட்ட முடிவு கிடைத்துவிடும். சாவு எழுதுவதைவிட அது கஷ்டம்.

நாவல் முழுவதையும் இப்போது அனுப்பவேண்டாம். டிராயரைத் திறக்கும் அந்த அத்தியாயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். லாரி டிரைவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுங்கள், பாவம்.