சோற்றை நிப்பாட்டாதீங்க தங்கச்சி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கு, கீமோ ஏறின அடுத்த நாள் இரத்தத்தில சீனி 290, சொந்தக்காரர் சோறே குடுக்காதேங்கிறாங்க என்று எழுதியிருந்தீங்க. வாசிச்சதும் மனசு பதறிட்டு. களுவாஞ்சிக்குடியில என்ட மாமியோட இதே பாடு பட்டவள் நான்.

பெரும்பாலும் அது டெக்ஸாமெத்தசோன் வேலை. கீமோவுக்கு முன்னால வாந்தி, ஒவ்வாமை வராம இருக்கக் குடுக்கிற மருந்து. ரெண்டு மூணு நாளைக்குச் சீனியை ஏத்தும். அந்த மருந்தை நீங்களா நிப்பாட்ட வேணாம். காலையும் சாப்பாட்டுக்குப் பிறகும் சீனி பார்த்துக் கொப்பியில எழுதி, கிளினிக்கில புற்றுநோய் டொக்டரிட்டக் காட்டுங்க. சீனிக் குளிசையையோ இன்சுலினையோ அவங்க மாத்துவாங்க. 300 தாண்டினாலோ, அடிக்கடி மூத்திரமும் தாகமும் மயக்கமும் இருந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீங்க.

சீனி ஏறிக்கிடந்தா கிருமி தொற்றுறது லேசு, கீமோவும் தள்ளிப்போகும். காய்ச்சல் 38 பாகை வந்தா, ராவானாலும் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

பட்டினி போட்டாத் தசைதான் கரையும். சோறு அளவா, மீன், முட்டை, கீரை தாராளமா. முடிஞ்சா வளவுக்குள்ள ஆறுதலா நடக்கட்டும்.

மெட்ஃபோமின் என்ற சீனிக் குளிசை புற்றுநோயையே அடக்கும் என்று யாரும் சொன்னா நம்பாதீங்க: ஆரம்பநிலை நோயாளிகளில நடந்த பெரிய ஆய்வு, 2022ல வந்தது, அப்படிப் பலன் காட்டல்ல. சீனிக்கு மட்டும் குடுங்க.

அடுத்த கீமோ ஊசி எப்ப?