கேள்வி வங்கியை மூன்று முறை முடித்தும் உடற்கூறியலில் மதிப்பெண் வராதது ஏன்?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவ மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் கேள்வி வங்கி வாங்கி மூன்று முறை முடித்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு எண்பதுக்குக் குறைவதில்லை. ஆனால் கல்லூரி உள்தேர்வில் தெரிந்த பாடத்திலேயே தேறவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கேள்விகள் போட வேண்டும்? முதலில் புத்தகமா, கேள்வியா? ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் மாற்றிப் படிக்கலாமா?

பதில்: மூன்றாம் முறை அதே கேள்விகளைப் போடும்போது வரும் எண்பது மதிப்பெண்ணில் பெரும்பங்கு, அந்தக் கேள்விகளின் முகம் பழகிவிட்டதால் வருவது. விடை எந்த வரிசையில் இருந்தது என்பதுகூட நினைவில் தங்கிவிடும். கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டதும் அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு இருந்தது. படித்து ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது முடிவு நேர்மாறாக, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றார்கள்; படித்த அன்று இரவு எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. அந்த மாணவர்களுக்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லவில்லை, வெற்றுத்தாளில் எழுதச் சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆகவே கேள்வியைப் படித்ததும் நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் விடையை ஒரு வரியில் எழுதிய பிறகே கையை எடுங்கள்.

அடுத்து, ஒரு கேள்வியை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'மூச்சுக்குழாய்க்குள் தவறிச் செல்லும் பொருள் பெரும்பாலும் எந்தப் பக்கம் போகும்?' என்பது எல்லாக் கேள்வி வங்கியிலும் இருக்கும். 'வலது' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர் ஒரு சொல்லை மட்டுமே கற்றிருக்கிறார். வலது கிளைக்குழாய் இடதைவிட அகலமானது, நீளம் குறைந்தது, ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவது. இடது கிளைக்குழாயோ பெருந்தமனி வளைவின் அடியில் புகுந்து, இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் கூடுதலாகச் சரிந்து போக வேண்டியிருக்கிறது. இதை மூச்சுக்குழாய் பிரியும் ஒரு படமாக நீங்களே வரைந்து பாருங்கள். பிறகு அதே உண்மையை வினாத்தாள் தயாரிப்பவர் எப்படித் திருப்பிக் கேட்கலாம் என்று யோசியுங்கள். 'என்டோட்ரக்கியல் டியூப் (வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் சுவாசக் குழாய்) பொருத்தியவுடன் ஒரு நோயாளியின் மார்பின் ஒரு பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலி கேட்கவில்லை. டியூப் அளவுக்கு மேல் உள்ளே போயிருந்தால் அது எந்தப் பக்கமாக இருக்கும்?' 'வலது' என்று மனப்பாடம் செய்தவர் இங்கேயும் வலது என்றே குறிப்பார். டியூப் வலது கிளைக்குள் இறங்கிவிட்டதால் காற்று போகாத பக்கம் இடது. உங்கள் உள்தேர்வில் நடந்தது பெரும்பாலும் இந்த வகைத் தடுமாற்றமாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

தவறான விடைகளுக்கும் வேலை உண்டு. நான்கில் மூன்று ஏன் பொருந்தாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்ல முடிந்தால், ஒரு கேள்வியில் நான்கு கேள்விகளுக்குப் படித்துவிடுகிறீர்கள்.

உடலியங்கியலுக்கு இந்தப் படம் வரையும் முறை மட்டும் போதாது. அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் 'எது கூடும், எது குறையும்' என்பதுதான். இரத்த இழப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அனுப்பும் நரம்புத் துடிப்புகள் குறைகின்றன. அதை அறிந்த மூளைத்தண்டு, உடலை அவசரத்துக்கு ஆயத்தமாக்கும் பரிவு நரம்புகளைத் தூண்ட, இதயத் துடிப்பு விரைவடைந்து இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இந்தச் சங்கிலியை அம்புக்குறிகளால் எழுதிப் பழகுங்கள். பெரும்பாலோர் சறுக்கும் இடம் அந்த நடுக்கண்ணி. உணர்விகள் 'வேலை செய்கின்றன' என்றால் அவை அனுப்பும் நரம்புத் துடிப்புகள் கூடத்தானே வேண்டும் என்று நினைத்து 'அதிகரிக்கும்' என்று குறித்துவிடுகிறார்கள். அவை இழுவிசையை உணர்பவை. அழுத்தம் இறங்கினால் குழாய்ச்சுவரின் இழுவிசை தளரும், நரம்புத் துடிப்புகளும் குறையும். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் விடை தலைகீழாகிவிடும்.

எண்களையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்காகப் போடுங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு, துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்றால் இதயம் நிமிடத்தில் வெளியேற்றுவது 5,040 மில்லிலிட்டர், ஏறத்தாழ 5 லிட்டர். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டினால் ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்கு 180 லிட்டர். வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான் என்பதால் 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இரண்டு எண்கள் தெரிந்தால் மற்றவை தாமாக வரும்.

எத்தனை கேள்விகள் என்று கேட்டீர்கள். இருபது போதும் என்பேன். இருபது கேள்விகளுக்கு அரை மணி நேரம், அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊகத்தில் சரியாக வந்ததையும் தவறாகவே கணக்கில் எடுங்கள். தவறுகளுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டு, அந்தத் தவறு தெரியாததால் வந்ததா, இரண்டைக் குழப்பிக்கொண்டதால் வந்ததா, கேள்வியில் இருந்த 'தவிர', 'அல்ல' என்ற சொல்லைக் கவனிக்காததால் வந்ததா என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். முதல் வகைக்குப் புத்தகமும் இரண்டாவதற்கு இரண்டையும் அருகருகே எழுதிய அட்டவணையும் தேவை. மூன்றாவதற்கு அந்தச் சொல்லின் கீழே பென்சில் கோடு போடும் பழக்கமே போதும். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அந்த நோட்டிலிருந்து உங்களை நீங்களே கேளுங்கள். கேள்வி வங்கிகளில் விடைக்குறிப்பே பிழையாக இருப்பதும் உண்டு. ஐயம் வந்தால் பாடநூல் சொல்வதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

புத்தகமா, கேள்வியா என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடத்தைப் படங்களோடு ஒருமுறை படியுங்கள், மூடி வையுங்கள், மறுநாள் கேள்விகளைப் போடுங்கள். படிக்காமலே கேள்வி வங்கியைத் திறப்பது, எலும்புக்கூட்டைப் பார்க்காமல் எலும்புகளின் பெயர்ப்பட்டியலைப் படிப்பது போன்றது.

பெயர்களைத் தேர்வில் எழுத வேண்டிய வடிவத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். காரணங்களைத் தமிழில் யோசியுங்கள். பெயரைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பாடம் அதிலேயே இருக்கும். 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்ற நீண்ட பெயர் பயமுறுத்தலாம்; ஸ்டெர்னம் என்ற மார்பெலும்பிலும் கிளாவிக்கிள் என்ற காறை எலும்பிலும் தொடங்கி, காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு மேட்டில் போய்ச் சேரும் தசை என்பதைத்தான் அது சொல்கிறது. கண்ணாடி முன் நின்று தலையை இடப்பக்கம் திருப்புங்கள்; கழுத்தின் வலப்பக்கத்தில் கயிறு போல் புடைத்து நிற்பது அந்தத் தசை. 'வலது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு சுருங்கினால் முகம் எந்தப் பக்கம் திரும்பும்?' என்று இனிக் கேட்டால், தேர்வு அறையில் உட்கார்ந்தபடியே கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து விடை எழுதலாம். அதை எந்தக் கண்காணிப்பாளரும் தடுக்கமாட்டார்.