உள்ளே விட்ட துணி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் வீரவநல்லூர். வயது 42. 2020 ஊரடங்கின்போது யூடியூப் பார்த்து, துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வை செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த கால்மிதி மெஷின்தான். ஆசையாகத் தொடங்கினேன். இப்போது பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அரைகுறை. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நான்கு சதுரம் வெட்டியதோடு நிற்கின்றன. மூன்றுக்கு மேல்பக்கம் தைத்தாயிற்று, அடித்துணி வைக்கவில்லை. கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கென்று தொடங்கியது பாதியில் கிடக்கிறது. மற்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்று எனக்கே மறந்துவிட்டது. இதற்கிடையே போன மாதம் ஆன்லைனில் அழகாக வெட்டி அடுக்கிய புதுத்துணிக் கட்டு இரண்டு வாங்கிவிட்டேன்.

ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் போர்வை கிடைக்கிறதே என்கிறார் என் கணவர். முடிக்காத தையல் வீட்டுக்கு ஆகாது என்கிறார் அத்தை. பழையதை முடிக்காமல் புதிது தொடங்குவதில்லை என்று சபதம் எடுக்கலாமா? உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு இங்கே கிடைக்கவில்லை, அதற்கு என்ன செய்ய? இந்த வெயில் ஊரில் வெளிநாட்டுக் கலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறேனா? தைத்து விற்கலாமா? அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளைப் படத்தில் பார்த்து அழுதுவிட்டேன். என்னால் ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மையின் ரவிக்கை ஒன்றை மடியில் போட்டுத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். பஞ்சு விரிப்பு தேவையில்லை. நைந்த வேட்டியை நடுவில் வையுங்கள். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதுதான் அங்கே மொத்த வேலையும். நம் கந்தையும் அவர்கள் காந்தாவும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். வெயில் ஊர் என்றால் போர்த்த வேண்டாம், விரித்துப் படுங்கள். சாரல் காலத்தில் ஒருநாள் தென்காசிப் பக்கம் போய்த் தங்கினால் போர்த்தவும் தோன்றும்.

வெளிநாட்டுக் கலை என்று யார் சொன்னது? கர்நாடகத்தில் உத்தர கன்னடத்துக் காட்டோரம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், நாலு மூலைக்கும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்கு வந்தால் வடத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல் நெல்லையப்பர் தேரில் குழல்போலத் தொங்கும் துணித் தொம்பையையும் தேர்ச்சீலையையும் அண்ணாந்து பாருங்கள். வண்ணத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்கிற கை நம் ஊரில் இருந்த கைதான். சாமிக்கு என்றால் அது அலங்காரம், வீட்டில் என்றால் ஒட்டுப்போட்ட துணி, ஏழ்மை. அந்தக் கூச்சத்தில்தான் நாம் இதை வீட்டுக்குள் வளர்க்காமல் விட்டோம்.

இனித் திட்டு. கீஸ் பெண்ட் போர்வைகளைப் பார்த்து அழுதேன் என்று எழுதிய அதே கையால் புதுத்துணிக் கட்டு வாங்கியிருக்கிறீர்களே, அங்கே எதைப் பார்த்தீர்கள்? மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல், கணவர் இறந்த பிறகு, அவர் வயலுக்கு உடுத்திப்போன உடுப்புகளைப் பிரித்துப் போர்வையாகத் தைத்தார். முழங்கால் வெளுத்த கால்சட்டைத் துணி, உழைத்து மங்கிய நிறங்கள். அந்த மங்கலைப் பார்த்துத்தான் நீங்கள் அழுதிருக்கிறீர்கள். யார் உடம்பிலும் படாத துணியை ஒருவர் தொழிற்சாலையில் துண்டாக்கி அனுப்ப, அதை நீங்கள் காசு கொடுத்து வாங்கி மறுபடி ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்குக் கை ஓடாமல் போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தத் துணிக்குள் ஆள் இல்லை. ஆள் இல்லாத துணி ‘என்னை எடு’ என்று கூப்பிடாது. இனிமேல் ஒரு முழம் புதுத்துணி வாங்காதீர்கள். வேறு சபதம் எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். விற்கிற தையலுக்கு முடிவு வேண்டும். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லுக்குக் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்த எலிசா கால்டுவெல் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதற்கு முன்பே அதைச் செய்திருந்தார். அந்த லேஸ் வெளியே விலைக்குப் போகிற பொருள், ஒரு கண்ணி குறையாமல் முடித்தால்தான் கையில் காசு. அந்தக் கணக்கு வேறு. அதை வீட்டுத் துணிக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டில் தைத்த துணி எப்போது முடிந்தது, சொல்லுங்கள்?

எனக்கு ஏழு வயதில் அம்மை ஒரு பட்டுப் பாவாடை தைத்தாள், அரக்கு நிறம், பச்சைக் கரை. கரைக்கு மேலே துணியை மடித்துத் தைத்து மூன்று டக்கு பிடித்திருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின வாரம் ஒரு டக்கைப் பிரிப்பாள். பாவாடை இரண்டு அங்குலம் இறங்கும். மடிப்புக்குள் வெளிச்சம் படாமல் கிடந்த துணி கருஞ்சிவப்பாக ஒரு பட்டையாய்த் தெரியும். பத்து வயதில் என் பாவாடையில் மூன்று பட்டை. வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் இருந்ததால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அதற்குப் பிறகு இடுப்பில் வேறு துணியில் பட்டி வைத்து இரண்டு வருஷம் ஓட்டினாள். பிறகு தங்கைக்கு. மறுபடி டக்கு பிடித்தாள், அதே கோட்டில். அந்தப் பாவாடை எந்த நாளில் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

ரவிக்கை இன்னும் சொல்லும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே அம்மைதான் தையல். டூ பை டூ துணியில் ரவிக்கை தைத்தால் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, மூன்று தையல் போட்டுக் கொடுப்பாள். உடம்பு போட்டால் உள்தையலைப் பிரித்துக்கொள்ளலாம். இளைத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் எதிர்வீட்டு மருமகள் ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு தையல் பிரிச்சு விடுங்க மதினி” என்றாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு. அம்மை எதுவும் கேட்கவில்லை. அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டி சீனியை அள்ளிவந்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அந்த அக்காள் அழுதது எனக்கு அப்போது புரியவில்லை.

பிரிக்கிறதுக்கும் எனக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அரிசி மூட்டையில் வாய்த்தையல் சங்கிலித் தையல், சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று வந்துவிடும். மெஷின் தையல் அப்படி வராது. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் முழு நீளமும் ஒரே இழையாக வந்துவிடும். அம்மை பாதி பிளேடால் வெட்டுவாள், துணியில் ஒரு கீறல் விழாது. அந்த இழையைத் தூர எறிய மாட்டாள், அதிலேயே பொத்தான் தைப்பாள். நீங்கள் பார்த்த வீடியோக்களில் யாராவது பிரிப்பதைப் பத்து நிமிஷம் காட்டினார்களா? தைப்பதில் பாதி அதுதான்.

இப்போது வரும் ரெடிமேடைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் கால் அங்குலம் இருந்தால் அதிகம், மிச்சத்தை வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கும். முடிந்த வேலை. ஒரு சுற்று உடம்பு போட்டால் உங்களுக்கும் அந்தத் துணிக்கும் உறவு தீர்ந்தது. வளர்கிற பிள்ளைக்கு எடுக்கிறோம் என்று தெரிந்தே உள்ளே ஒரு விரற்கடை விடாமல் தைத்து விற்கிறார்கள், நாமும் வாங்கிக் கொடுக்கிறோம். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

2011இல் அம்மைக்கு வயிற்றில் நோய் வந்தது. மாதத்துக்கு மாதம் இளைத்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழியும். நான் பழைய தையலுக்கு உள்ளே ஒன்று, இரண்டு மாதம் கழித்து அதற்கும் உள்ளே ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ரவிக்கையில் ஐந்து கோடு ஆகிவிட்டது. உள்ளே துணி திரண்டு விலாவில் உறுத்தியது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். “ஏட்டி, வெட்டிராத. ஒடம்பு தேறிச்சுன்னா பிரிச்சு விட்டுக்கிடலாம்லா” என்றாள். நெசமாகத்தான் சொன்னாள். தெருவுக்கே துணி விட்டுத் தைத்தவளுக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியாது.

புரட்டாசியில் நான் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இரண்டு ரவிக்கைகளை ஒரு கடையில் கொடுத்துப் பிடித்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வெட்டாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினேன். சுத்தமாக இருக்கட்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் வெட்டி ஓவர்லாக் அடித்துக் கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. அம்மை வாங்கித் திருப்பி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “உள்ள ஒண்ணுமே இல்லியே, ட்டீ” என்றாள். அவ்வளவுதான். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அதைப் பிறகு போடவில்லை. ஐப்பசியில் போய்விட்டாள்.

ஐந்து கோடு போட்ட ரவிக்கைதான் என் மடியில் இருப்பது. பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட ஆகப்போகிறது, நான் அதைத் தொடவில்லை. போன வாரம் என் மகள் பெட்டியைக் கிளறி எடுத்து, ஆச்சி ரவிக்கை எனக்கு வேண்டும், பொங்கலுக்குப் போடுவேன் என்றாள். அவள் நல்ல உடம்புக்காரி. அம்மை எந்த உடம்போடு எங்களையெல்லாம் வளர்த்தாளோ அந்த உடம்பு. இன்றைக்கு மூன்று கோடு பிரித்திருக்கிறேன். உள்ளேயிருந்து வந்த துணி புதுசு போல மாம்பழ நிறம். வெளியே அது எப்போதோ வெளுத்த மஞ்சளாகிவிட்டது. அது இந்த நிறமாக இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.

உங்கள் பதினொன்றுக்கு வருகிறேன். முடிக்காதது குற்றமென்று நினைத்து அவற்றைப் பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தையோடு சண்டை வேண்டாம். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒன்றை மட்டும் காதில் வாங்காதீர்கள். மேல்பக்கம் தைத்த மூன்றையும் வெளியே எடுங்கள். ஒன்றைக் கட்டிலில் விரியுங்கள், அடித்துணி இல்லாவிட்டால் என்ன? இன்னொன்றைத் திண்ணையில் போடுங்கள், உங்கள் கணவரும் அதில் உட்காரட்டும். அழுக்காகட்டும், துவையுங்கள், எங்கே கிழிகிறதோ அங்கே ஒட்டுப்போடுங்கள். ஆன்லைன் கட்டு இரண்டையும் தையல் படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மகளுடையதைப் பிரித்துவிடுங்கள். வீடியோவில் கால் அங்குலத் தையல் என்று சொல்லியிருப்பார்கள், புதுத்துணிக்கு அது சரி. உடுத்துப் பழகிய துணி ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும், அரை அங்குலம் விடுங்கள். ஐந்து அங்குலச் சதுரம் பத்தை வரிசையாகத் தைத்தால் கால் அங்குலத்தில் 45½ அங்குலம் வரும், அரை அங்குலத்தில் 41தான். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சதுரம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டிலைவிட நீளமாக வந்தால் டக்கு பிடியுங்கள்.

துணிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு உடுத்திப்போன அவளுடைய சீருடை வீட்டில் எங்காவது கிடக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறுநாள் இனி இதைத் தொடமாட்டேன் என்று வீசியிருப்பாள். அதன் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், உங்கள் அம்மா வயதுத் தையல்காரர் யாராவது தைத்தது என்றால் உள்ளே துணி இருக்கும்.