பரணில் கிடைத்த நீல வரைபடங்களை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் தாத்தா 1936-இல் கட்டிய வீட்டுக்கு ஓர் ஆர்க்கிடெக்ட் நிறுவனம் வரைந்த படங்கள் பரணில் கிடைத்தன. சில நீலத் தாள், சில துணி. ஒருவர் இலவசமாக லேமினேட் செய்து தருவதாகவும், ஈடாகச் சில அசல்களை எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? பழுதுபார்க்கும் வேலைக்கு இவை உதவுமா?

பதில்: ஒரு தாள்கூடக் கொடுக்காதீர்கள். லேமினேஷன் பசை உருகித் தாளில் இறங்கிவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. செலோடேப்பும் இஸ்திரிப் பெட்டியும் அதே ரகம்தான். இலவசம் என்று வருபவர் அசலுக்கு ஃபிரேம் போட்டு விற்கத்தான் வருகிறார். வெளிநாட்டில் விலை போகும் என்பார். 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது; அதை மட்டும் சொல்ல மாட்டார்.

துணிப் படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அதிலுள்ள கஞ்சி கரைந்து, கோடு கலைந்துவிடும்.

நீலத் தாள் விஷயத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். பழைய காகிதத்துக்கு அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து கலந்த உறை நல்லது என்பது பொது விதி. நீலத் தாளுக்கு அது ஆகாது. அந்த நீலம் இரும்புச் சேர்மம். சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் வெளிறிவிடும். ‘ஆர்க்கைவல்’ (ஆவணக் காப்புக்கு ஏற்றது) என்று எழுதியிருந்தாலே போதும் என்று வாங்காமல், காரம் சேர்க்காத உறையா என்று கேளுங்கள். வெளிச்சத்தில் வெளுத்த நீலம் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும். காரத்தால் போனது அப்படித் திரும்பாது.

பழுது வேலைக்கு நிச்சயம் உதவும். ஆனால் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். நீலத் தாளைத் தண்ணீரில் அலசித்தான் படம் எடுத்தார்கள். காய்ந்தபோது நீளத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் வேறு மாதிரியும் சுருங்கியிருக்கும். எட்டடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த படத்தில் கால் அங்குலம் பிசகினால் சுவரில் இரண்டடி பிசகும். எழுதியுள்ள அடி, அங்குலத்தை மட்டும் நம்புங்கள். கட்டும்போது மாற்றியிருப்பார்கள் என்பதால் சுவரிலும் டேப் பிடித்துப் பாருங்கள்.

‘நிறுவனத்திடம் பதிப்புரிமை அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்பவரையும் திருப்பி அனுப்புங்கள். எந்தப் படத்தைப் பார்த்துக் கட்டினார்களோ, அதன்படி கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதை 1957-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கிறது.

விடுபட்ட தாள்களைத் தேட, வலது கீழ் மூலையில் உள்ள வேலை எண், தாள் எண், தேதி, நிறுவன முகவரி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி வெளியூராக இருக்கலாம்: 1940-இல் எழுந்த பாரிமுனை டேர் ஹவுஸை வடிவமைத்தது கல்கத்தாவின் பாலார்டி, தாம்சன் அண்ட் மேத்யூஸ். மாநகராட்சியில் அனுமதி வரைபட நகலுக்கும் எழுதிக் கொடுங்கள். ‘ஃபைல் இல்லை’ என்று வாயால் சொல்லி அனுப்புவது அலுவலகங்களின் பழைய வித்தை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இல்லை என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள். அனுமதி முத்திரை இல்லாத உங்கள் தாளை ‘அப்ரூவ்டு பிளான்’ ஆக்கித் தருகிறேன் என்று அந்த வாசலிலேயே ஒருவர் நிற்பார். அவரிடமும் கொடுக்காதீர்கள்.