வரப்பு இல்லாத வயல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கிராமங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனை, 'பழைய திறந்தவெளி வயல் முறை இன்னும் நடக்கும் ஊர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் நாலு மா நிலம் மூன்று இடத்தில் கிடந்து படுத்தும் பாடு எனக்குத் தெரியும். அங்கே ஆளுக்கு இருபது, முப்பது துண்டு என்றால் பைத்தியக்காரத்தனம் இல்லையா? மற்ற ஊர்களெல்லாம் வேலி போட்டுக்கொண்டபோது இவர்கள் மட்டும் பிரபுக்களை எதிர்த்து நின்றார்களா? மகன் நாட்டிங்ஹாமில் இருக்கிறான். ஆனியில் அங்கே போகிறேன். பார்க்க ஏதாவது இருக்குமா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

ஒரே வரியில் கடந்தது தப்புதான்.

முதலில் அந்தத் துண்டுகள். வேலியோ வரப்போ இல்லாத பெரிய வயல்களில் ஆளுக்குப் பல துண்டு சிதறிக் கிடப்பதுதான் திறந்தவெளி வயல் முறை. லாக்ஸ்டனின் மண் கனத்த களி. அதைப் புரட்டும் கலப்பையும் கனமானது. பழைய காலத்தில் எட்டு மாடு வரை பூட்டினார்கள். அப்படி ஒரு ஏரைத் திருப்புவது சாமானிய வேலை இல்லை. அதனால் முடிந்தவரை நேராக ஓட்டிக்கொண்டே போய், மாடு மூச்சு வாங்கும் இடத்தில் திரும்பினார்கள். அந்த ஒரு சாலின் நீளம்தான் ஃபர்லாங், 220 கெஜம். நம் ரோட்டோரத்தில் நட்டிருந்த ஃபர்லாங் கல்லுக்குப் பெயர் வந்தது இந்த உழவுச்சாலிலிருந்து. அந்த நீளத்துக்கு 22 கெஜம் அகலம் சேர்த்தால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடியது என்பது கணக்கு. (கிரிக்கெட் பிட்சின் நீளமும் அதே 22 கெஜம்.) ஆக, துண்டுகள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்ததற்குக் காரணம் மாடு.

சிதறிக் கிடந்ததற்குக் காரணம் வேறு. மேட்டில் கொஞ்சம், ஈரம் தேங்கும் பள்ளத்தில் கொஞ்சம் என்று எல்லோருக்கும் நல்லதும் கெட்டதும் கலந்து வந்தது. மழை அதிகமான வருஷம் பள்ளம் போனாலும் மேடு நிற்கும். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு. வருஷா வருஷம் சுற்றி வரும். பழைய நாளில் தரிசில் ஊர் ஆடுகள் மேயும். இப்போது தரிசு விட வேண்டிய வயலிலும் தீவனப் பயிர் போடுகிறார்கள். உங்கள் மூன்று துண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: உங்களுடையது பாகப்பிரிவினையில் சிதறியது, அங்கே ஊரே ஒரே பருவத்தில் ஒரே பயிருக்கு இறங்கும்படி சிதறடித்து வைத்தது.

வரப்பு கிடையாது. இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு சால் மட்டும். அப்படியென்றால் தகராறு வராதா? வராமல் எப்படி! அதற்குத்தான் கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளிலிருந்து எடுத்த ஜூரிகள் அந்த வருஷத்துக் கோதுமை வயலைச் சேற்றில் நடந்து பார்க்கிறார்கள். யாராவது பாதையையோ பக்கத்துப் புல்தரையையோ ஒரு சால் தின்றிருந்தால் எல்லையில் முளைக்குச்சி அடித்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடி அபராதம் போடும். சில பவுண்டுதான். ஊர் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஏமாற்றமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன்: லாக்ஸ்டனைக் காப்பாற்றியது புரட்சி இல்லை. 1604 முதல் 1914 வரை பொது வயல்களைப் பிரித்து ஆளுக்குத் தனித்தனியாக வேலி போட வைக்கும் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அடைக்கப்பட்டது. லாக்ஸ்டனிலும் ஒரு பெரும்பகுதி வேலிக்குள் போனதுதான். மிச்சம் தப்பியதில் பெரும்பங்கு, அங்கே நிலம் வைத்திருந்த மேன்வர்ஸ், ஸ்கார்பரோ என்ற இரண்டு பிரபுக் குடும்பங்கள் பங்கு பிரிப்பதில் ஒத்துப்போகாததற்கு. பங்காளிச் சண்டை மாதிரிதான்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கவும் செய்தார்கள். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த வரைபடத்தில் 2,000-க்கு மேல் இருந்தவை இன்று மிகக் குறைவு. அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை. உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். துண்டு நிலம்கூட இல்லாதவனுக்கு அந்த ஜூரியில் என்ன இடம்?

1952-இல் மேன்வர்ஸ் பிரபு ஊரை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குக் கைமாறியது. 2020-இல் வாங்கியது யார் தெரியுமா? மேன்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டே.

ஆனியில் போவது நல்ல நேரம். ஜூரி நடையைப் பார்க்க முடியாது. ஆனால் ஏர் போக முடியாத ஈரப்பள்ளங்களில் விட்டுவைத்த, 'சைக்' என்று அவர்கள் சொல்லும் புல்தரைகள் காட்டுப்பூக்களோடு இருக்கும். அந்தப் புல்லை இன்றும் ஏலம் விடுகிறார்கள். நார்மன் காலத்துக் கோட்டை மேட்டில் ஏறிப் பாருங்கள். பிறகு டவ்காட் இன் விடுதிப் பக்கம் தெருவில் நின்று வீடுகளைக் கவனியுங்கள். பண்ணை வீடுகள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு, பின்னால் களஞ்சியமும் தொழுவமுமாக நிற்கும். வேலியடைத்த ஊர்களில் விவசாயி தன் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். இங்கே நிலம் நாலு திசையிலும் கிடந்ததால் பெரும்பாலோர் ஊரைவிட்டு நகரவில்லை.