போத்தா ஓட்டு என்ன ஓட்டு?

அன்புள்ள ஐயா,

மலேசிய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்கள் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு சொன்னார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அவர்களுடைய இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் அறிவித்தார். இது சரியில்லை என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "நம்ம ஆட்சிக்குத்தானே பலம், உனக்கு எங்க வலிக்குது?" என்று மாமா கேட்டார். நான் அன்வாரின் பக்காத்தான் கூட்டணிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன். சொந்தப் பக்கத்தைக் குறை சொல்வது துரோகமா? பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா?

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

துரோகம் இல்லை. நான் ஏன் இதை உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2009இல் நான் உங்கள் மாமாவின் இடத்தில் இருந்தேன்.

பேராக் மாநிலத்தில் அப்போது பக்காத்தான் ஆட்சி, 59 இடங்களில் 31தான் கையில். ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டு நேரம், போத்தா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எதிரணியில் இருந்த அம்னோ கட்சியிலிருந்து நம் பக்கம் வந்தார். ஜெலுத்தோங்கில் நான் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் மேசையிலிருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். மனச்சாட்சியுள்ள மனிதர் என்று அவரைப் புகழ்ந்தேன். பத்தே நாள். நம் பக்கம் மூன்று பேர் விலகினார்கள், போத்தாக்காரரும் அம்னோவுக்கே திரும்பிப் போனார், ஆட்சி கவிழ்ந்தது. அதே மேசையில், "மக்கள் போட்ட ஓட்டை வித்துட்டானுங்க" என்று கத்தினேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரப் பெரியவர் குனிந்து, "அப்ப போத்தா ஜனங்க போட்டது என்ன ஓட்டு தம்பி? அன்னிக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தீங்களே" என்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஜெலுத்தோங்கின் முன்னாள் எம்பி கர்ப்பால் சிங்கை அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. 2008இல், அப்போது ஆண்ட பாரிசான் கூட்டணியின் எம்பிக்களை இழுத்து செப்டம்பர் 16க்குள் மத்திய ஆட்சியைப் பிடிப்போம் என்று அன்வார் சொன்னபோது, பக்காத்தானில் இருந்த ஜசெக கட்சியின் தேசியத் தலைவராக இருந்த கர்ப்பால் கட்சித் தாவல் கூடாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். ஆட்சியே கைக்கு வரலாம் என்று நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் பினாங்கில் 2012இலும் நாடாளுமன்றத்தில் 2022இலும் வந்தது. நாடாளுமன்றச் சட்டப்படி, கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். கட்சியே நீக்கினால் போகாது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நம் பக்கத்துக்கு நஷ்டம் வரும்போது மட்டும் கேட்டால் யார் நம்புவார்கள்?

உங்கள் மாமாவை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆட்சி வருமென்ற நம்பிக்கையே இல்லாத காலத்தில் கட்சியோடு நின்ற தலைமுறை அது. அந்தப் பிடிப்பு சும்மா வந்ததில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில், ஷெரட்டன் விவகாரத்தில் நம் பக்கத்து எம்பிக்கள் அணி மாறி நம் ஆட்சி கவிழ்ந்தபோது அவர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்துங்கள்.

குழுவை விட்டு வெளியேறாதீர்கள். இந்தக் கேள்வியை அங்கே எல்லார் முன்னாலும் போடவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அந்தப் பெரியவர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.