“இங்கிலீஷ் வந்தால் சரியாகிவிடும்” என்று பள்ளியில் சொன்னால்

சகோதரி, கோவையிலிருந்து குராய்டன் வந்து ஐந்து மாதம், பையனுக்கு ஆறு வயது, முதலாம் ஆண்டு வகுப்பு. தமிழிலேயே இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. ஊரில் எடுத்த ரிப்போர்ட்டில் ஆட்டிசம் என்று இருக்கிறது. டீச்சரோ “புது மொழி, போகப் போகப் பழகிவிடுவான்” என்கிறார். யாரிடம் கேட்பது, கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா, வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இங்கிலாந்துக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

விசா பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் விசாவில் இருக்கும் ‘பொது நிதி கிடையாது’ என்ற நிபந்தனை சில உதவித்தொகைகளைப் பற்றியது. குழந்தைகளுக்கான டிஸ்எபிலிட்டி லிவிங் அலவன்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதற்கு இப்போது விண்ணப்பிக்காதீர்கள். பள்ளிப் படிப்பும், பள்ளியில் கிடைக்கும் சிறப்பு உதவியும், உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் போட்டுத் தரும் ஈ.ஹெச்.சி.பி என்ற கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்பீச் தெரபியும் குழந்தை மருத்துவரும் என்.ஹெச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை வழியே வருவார்கள். விசாவோடு அதற்கான கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள்.

இனி அந்த டீச்சர் சொன்னது. பள்ளியில் பேசும் மொழியும் வீட்டில் பேசும் மொழியும் வேறு என்பதற்காக மட்டும் ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்லக் கூடாது என்று 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கிறார்கள். சிக்கல் தாய்மொழியிலும் இருந்தால் அது ஆங்கிலத்தின் கோளாறு இல்லை. அதை எடுத்துக் காட்ட உங்களால் மட்டுமே முடியும், ஏனென்றால் அந்தப் பள்ளியில் அவன் தமிழை யாரும் கேட்டதில்லை.

ஆகவே ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். “பேச்சு குறைவு” என்று எழுதினால் யாருக்கும் உதவாது. அவன் வாயில் வந்த சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். “அம்மா பால்” என்கிறானா, “அம்மாகிட்ட பால் குடு” என்கிறானா? வந்தான், வந்தாள், வந்தது மூன்றும் வருகிறதா, எல்லாவற்றுக்கும் ஒன்றேதானா? “செருப்பை எடுத்து கதவுகிட்ட வை” என்றால் இரண்டையும் செய்கிறானா, முதல் பாதியோடு நின்றுவிடுகிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துத் தடவையில் எத்தனை தடவை திரும்புகிறான்? ஆங்கிலம் மட்டும் தெரிந்த தெரபிஸ்டுக்கு இந்த இரண்டு பக்கம் ஒரு சோதனைத்தாளுக்குச் சமம். சந்திப்பு நடக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அக்காவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ல, ள, ழ குழம்புவதையோ ன, ண மாறுவதையோ கொண்டுபோய் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று நிறுத்தாதீர்கள். அது நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. தமிழில் எழுதியபடியே பெரும்பாலும் வாசித்துவிடலாம் என்பதால் சிக்கல் இருக்கும் பிள்ளைகூடத் தப்பு குறைவாக, ஆனால் மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கும். நேரத்தைப் பாருங்கள். ‘கெ’, ‘கொ’ போல் குறி முன்னால் வந்து ஒலி பின்னால் வரும் எழுத்துகளில் இடறுகிறானா என்றும் பாருங்கள்.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை. உங்களுக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் பேசினால் அவன் காதில் விழும் மொழி சுருங்கிப்போகும், அவ்வளவுதான் நடக்கும்.

பள்ளியில் பார்க்க வேண்டியவர் சென்கோ, அதாவது சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்கும் ஆசிரியர். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒருவர் இருந்தாக வேண்டும். வாசலில் டீச்சரைப் பிடித்துப் பேசுவது கணக்கில் வராது. ஈமெயில் அனுப்புங்கள். அதில் மூன்று கேள்வி போதும்: என் மகன் ‘சென் சப்போர்ட்’ (பள்ளி தரும் சிறப்பு உதவி) பதிவேட்டில் இருக்கிறானா, இப்போது வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்ன உதவி தருகிறீர்கள், அது பலன் தருகிறதா என்று எந்தத் தேதியில் பார்ப்பீர்கள். பார்த்தறிவது, திட்டமிடுவது, செய்வது, மறுபடி பார்ப்பது என்று நான்கு படியாக இந்த உதவி சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடைமுறையில் மூன்றாவதோடு நின்றுவிடும். நான்காவதற்குத் தேதி கேட்பது அதனால்தான்.

ஊர் ரிப்போர்ட்டைக் கொடுங்கள், ஆனால் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் ஐ.எஸ்.ஏ.ஏ என்ற இந்திய அளவுகோலின் மதிப்பெண் இருந்தால் இங்குள்ள மருத்துவர்களுக்கு அது பழக்கமில்லாதது. இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அட்டையான யூ.டி.ஐ.டி-க்கு இங்கே வேலை இல்லை. குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் சொல்லி இங்கேயும் ஆட்டிசம் பரிசோதனைக்கு வரிசையில் பெயரைப் போடுங்கள். வரிசை நீளம். ஆனால் அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இங்கே உதவி தேவையைப் பார்த்து வருவது, நோயின் பெயரைப் பார்த்து அல்ல. டயக்னோசிஸ் இல்லாமலே ஈ.ஹெச்.சி.பி கேட்கலாம்.

அதைப் பள்ளிதான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். இப்ஸியா என்ற தொண்டு அமைப்பின் தளத்தில் மாதிரிக் கடிதம் இலவசமாக இருக்கிறது. சட்டம் பார்ப்பது இரண்டே விஷயம்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கலாமா, அதற்குத் திட்டம் போட்டு உதவி செய்ய வேண்டி வரலாமா. “பள்ளி முதலில் 6,000 பவுண்டு செலவழித்துக் காட்ட வேண்டும்”, “சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் எடுக்க மாட்டோம்” என்றெல்லாம் பதில் வரும். இரண்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. பையனின் தேவைகளைக் கவுன்சில் மதிப்பிடத் தொடங்கிவிட்டால் சைக்காலஜிஸ்டை அவர்களே அனுப்ப வேண்டும்.

கெடுவைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். உங்கள் கடிதம் ஜனவரி 5 அன்று போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். தேவைகளை மதிப்பிடுவோமா மாட்டோமா என்ற பதில் 6 வாரத்தில், பிப்ரவரி 16க்குள். திட்டம் கிடையாது என்றால் அதை 16 வாரத்துக்குள், ஏப்ரல் 27க்குள் சொல்ல வேண்டும். கொடுப்பதாக இருந்தால் இறுதித் திட்டம் 20 வாரத்தில், மே 25க்குள். கோடை விடுமுறை குறுக்கே வந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. பல கவுன்சில்கள் இந்தத் தேதிகளைத் தாண்டுகின்றன. தாண்டிய மறுநாளே எழுத்தில் கேளுங்கள்.

திட்டத்தின் டிராஃப்ட் வந்ததும் கருத்துச் சொல்ல, எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்க, குறைந்தது 15 நாள் தருவார்கள். திட்டத்தில் ஏ முதல் கே வரை பகுதிகள் இருக்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பி, எஃப், ஐ மூன்றும் போதும்: பையனின் தேவைகள், அவற்றுக்கான உதவி, பள்ளியின் பெயர். பி-யில் ஒரு தேவை இருந்து எஃப்-இல் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லையென்றால் ஓட்டை அங்கேதான். பென்சிலோடு உட்கார்ந்து வரிக்கு வரி கோடு இழுத்துப் பாருங்கள்.

எஃப் பகுதி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு மாதிரி. “தேவைக்கேற்ப ஸ்பீச் தெரபி பெற வாய்ப்பளிக்கப்படும்.” படிக்க இனிமையாக இருக்கிறது. தேவை என்று யார் முடிவு செய்வது, வாரம் எத்தனை, யார் தருவது, ஒன்றும் இல்லை. வருடம் முழுக்க ஒரு தடவைகூட வராமல் இருந்துவிட்டு வாக்கு மீறவில்லை என்று சொல்ல முடியும். அதையே இப்படி மாற்றக் கேளுங்கள்: “தகுதி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளி நாட்களில் வாரம் ஒரு முறை 45 நிமிடம் தனியாகப் பயிற்சி தருவார், பயிற்சி பெற்ற உதவியாளர் தினமும் 15 நிமிடம் அதைத் தொடர்வார், தெரபிஸ்ட் பருவத்துக்கு ஒரு முறை இலக்குகளை மாற்றி எழுதுவார்.” இந்த எண்கள் உதாரணம். உங்கள் பையனுக்கான எண் நிபுணர்களின் ரிப்போர்ட்டிலிருந்து வர வேண்டும், ஆகவே ரிப்போர்ட் எழுதும்போதே அவர்களிடம் நிமிடக் கணக்குக் கேட்டு வாங்குங்கள். எஃப்-இல் எழுதியதைச் செய்து தரும் சட்டக் கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது. பள்ளியில் ஆள் இல்லை, பணம் இல்லை என்பது அதற்குப் பதில் ஆகாது.

கவுன்சில் மறுத்தால் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. முடிவுக் கடிதத்திலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழிலிருந்து ஒரு மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள். பள்ளியின் பெயரைப் பற்றி மட்டும் என்றால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. வக்கீல் வைக்காமலே நிறையப் பெற்றோர் போகிறார்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, கடிதம் எழுதவும் உதவுவார்கள்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. “இன்று ரொம்பப் படுத்துகிறான், 12 மணிக்கு வந்து கூட்டிப் போங்கள்” என்று போன் வந்தால், நம் பழக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடுவோம். முறையாகப் பதிவு செய்யாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படி தவறு, நீங்கள் சம்மதித்திருந்தாலும். “இது சஸ்பென்ஷனா? என்றால் எழுத்தில் தாருங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தத் தேதிகளை எழுதி வைத்தால் ஈ.ஹெச்.சி.பி விண்ணப்பத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

வீட்டில் சொல்லித்தர ஒரு வழி. இங்கே ஃபோனிக்ஸ் முறை, அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிப்பது. ஒன்றாம் ஆண்டு ஜூனில் 40 சொற்களை வாசிக்கச் சொல்வார்கள், பாதி பொருளே இல்லாதவை. நாம் “பீ, ஐ, என்” என்று எழுத்தின் பெயரைச் சொல்லித்தந்தால் பிள்ளை குழம்பும். நம் புள்ளி வைத்த மெய்யெழுத்து இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது: ப், இ, ன், சேர்த்தால் பின். “பு, இ, னு” என்று உகரம் ஒட்டாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஒரு அட்டையில் ‘இப்போது’, ‘அடுத்து’ என்று இரண்டு கட்டம் போட்டுப் படம் ஒட்டுங்கள்: இப்போது ஃபோனிக்ஸ், அடுத்து ஊஞ்சல். பள்ளியில் என்ன படம் பயன்படுத்துகிறார்களோ அதே படத்தைக் கேட்டு வாங்கி ஒட்டினால் பையனுக்கு இரண்டு இடத்திலும் ஒரே மொழி.

வீடு மாறினால்: இங்கிலாந்துக்குள் வேறு கவுன்சிலுக்குப் போனால் திட்டமும் கூடவே மாறும், முன்கூட்டியே இரண்டு கவுன்சிலுக்கும் எழுதுங்கள். ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ வேலை மாற்றலானால் இந்தத் திட்டம் அங்கே செல்லாது. அங்கே சட்டமே வேறு, முதலிலிருந்து கேட்க வேண்டும். ரிப்போர்ட்டுகளின் நகலை எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருந்தால் அன்று அலைய வேண்டியிருக்காது.